நாக்குக்கு அடியில் ரெண்டு சொட்டு

உக்காருங்க அண்ணாச்சி. அந்த பெஞ்சு ஆடும், இங்கன வாங்க. மயக்க டாக்டரைப் பாக்கத்தானே வந்திருக்கிய? உள்ள ஆளு இருக்கு. எப்படியும் அரை மணி நேரம் ஆகும். அந்த டாக்டர் புள்ள ஒரு ஆளை உள்ள விட்டா குலதெய்வம் பேரு வரைக்கும் கேட்டுத்தான் வெளிய விடும்.

நான் எதிர் ரூமுக்கு வந்தவன். என் வீட்டுக்காரி உள்ள இருக்கா, பிசியோதெரபி. பதினோரு மணிக்குக் கூட்டிட்டு வருவாவ. வந்ததும் உங்களால எனக்கு ஒரு சின்ன உதவி ஆகணும். பெருசா ஒண்ணும் இல்ல, அப்பம் சொல்லுதேன்.

ஆமா, அந்தக் கணுக்காலைக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க. விரலை வச்சி அமுக்குதேன், வலிக்காது. பாத்தியளா குழி? நிரம்ப மாட்டேங்குதுல்லா? பிரஷர் மாத்திரை, அம்லோடிபின். அஞ்சு மில்லிகிராமா, பத்தா? பத்து. சீட்டைப் பாக்காமலே சொன்னேன் பாருங்க. உள்ள இருக்குதே அது, கம்ப்யூட்டரைப் பாக்காம தன் பேரையே சொல்லாது.

என் பேரு கொம்பையா. கம்பவுண்டர் கொம்பையா. அம்பாசமுத்திரத்துல குணசிங் டாக்டர் ஆசுபத்திரியில முப்பத்தொரு வருசம். மருந்து கலக்கதுல ஆரம்பிச்சு ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் என் கைதான். குணசிங் டாக்டர் இருந்தாவளே, மனுசன்னா அவிய மனுசன். கத்தியைக் கையில எடுத்தா இருபது நிமிசத்துல தையலும் போட்டு முடிச்சிருவாவ. இப்பம் உள்ளதுகளுக்கு இருபது நிமிசம் கையுறை மாட்டவே பத்தாது.

அந்த மாத்திரை என்ன செய்யும்னு உங்களுக்கு யாராவது சொன்னாவளா? சொல்லியிருக்க மாட்டாவ. சீட்டை எழுதி நீட்டிருவாவ. கால்சியம் சேனல் பிளாக்கர்னு பேரு. எங்க தெருவுல ஒரு வாத்தியார், இந்தப் பேரைக் கேட்டுட்டு, கால்சியம் ஆகாதாம்னு பால் குடிக்கதையே நிறுத்திட்டாரு. படிச்ச மூதி. எலும்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ரத்தக்குழாய்ச் சுவருல சதை இருக்கு. அந்தச் சதை இறுகணும்னா கால்சியம் உள்ள போகணும். இந்த மாத்திரை போயி அந்த வாசலை அடைச்சிரும். சதை இளகும், குழாய் விரியும், பிரஷர் இறங்கும். அவ்வளவுதான் வித்தை. இதுக்கு எட்டு வருசம் படிக்கணுமா?

எங்க காலத்துல நிஃபெடிபின் கேப்சூல்னு ஒண்ணு. இதே சாதிதான், ஆனா வேகம்னா வேகம். மீன் எண்ணெய் மாத்திரை மாதிரி மெத்துன்னு இருக்கும், உள்ள மஞ்சளா மருந்து. ஆளு மேசையில படுத்திருக்கும், பயத்துல பிரஷர் இருநூறுல நிக்கும். குணசிங் டாக்டர் கையைக் கழுவிக்கிட்டே ஒரு சத்தம் குடுப்பாவ, “கொம்பையா, இறக்குடா!” அவ்வளவுதான். கேப்சூல்ல ஊசியால ஒரு குத்து. “நாக்கைத் தூக்குங்க”ம்பேன். அடியில ரெண்டு சொட்டு, பொறவு இன்னும் ரெண்டு. பத்தே நிமிசம், நூத்தி நாப்பது. “சார், ரெடி!” டாக்டர் என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாவ. அவ்வளவு நம்பிக்கை.

எத்தனை பேருக்கு விட்டிருப்பேன்! ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. ஒரு டிராயிங் மாஸ்டர் மட்டும், ஹெர்னியாவுக்கு வந்தவரு, விட்ட கொஞ்ச நேரத்துல கண்ணைச் செருகிட்டாரு. பொறவு எந்திரிக்கல. அது ஹார்ட்டு வீக்கு. டாக்டரே சொன்னாவ, அவருக்கு ஹார்ட்டு வீக்குன்னு. உங்களுக்கும் ஹெர்னியாவா? சேச்சே, நீங்க ஒண்ணும் நினைக்காதிய. அது வேற, இது வேற.

என் வீட்டுக்காரி ஆவுடையம்மாளுக்குப் பித்தப்பையில கல்லு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஸ்கேன்ல பாத்தா உளுந்தைக் கொட்டி வச்ச மாதிரி கிடக்கு. ஒரு கல்யாண வீட்டுல ரெண்டு வடையைத் தின்னுட்டு வந்தா. வந்து ரெண்டு மணி நேரத்துல துண்டை வாயில வச்சிக் கடிச்சிக்கிட்டு சுவரோட சுவரா சுருண்டுட்டா. சத்தம் போடவே மாட்டா அவ. எனக்குத்தான் பாக்கப் பொறுக்கல. இங்க கூட்டிட்டு வந்தேன். ஆபரேஷன் டாக்டர் நல்லாத்தான் பேசினாரு. சீக்கிரம் எடுத்திருங்க, விட்டா சீழ் வச்சிரும்னாரு. தேதியும் குடுத்தாரு. மயக்க டாக்டர்கிட்ட மட்டும் ஒரு தடவை காட்டிருங்கன்னாரு. அங்கதான் பிடிச்சிது சனி.

யாழினியாம் பேரு. முப்பது வயசு இருக்குமா? கழுத்துல குழாயைப் போட்டுட்டா டாக்டரா? ஆவுடைக்கு பிரஷர் பாத்துச்சு, அந்த பேட்டரி மிஷின்ல. நூத்தித் தொண்ணூத்தி ஆறுக்கு நூத்திப் பத்து. மிஷின் தப்புன்னேன். பாதரச மிஷின்ல பாருங்கன்னேன். பாதரசம் இப்பம் வைக்கதில்லையாம். மறுபடி பாத்துச்சு, அதேதான். “அம்மா, மாத்திரை ஒழுங்காப் போடுதிங்களா?”ன்னு கேட்டுச்சு. இவ என் மூஞ்சியைப் பாக்கா.

அண்ணாச்சி, விசயம் என்னன்னா, அம்லோடிபின் போட்டு அவளுக்குக் கால் வீங்கிச்சு, உங்களுக்கு வீங்கியிருக்க மாதிரி. நான் பாதியா உடைச்சிக் குடுத்தேன். பொறவு அதையும் நிறுத்தி, தலை சுத்துதுன்னு சொல்லுத அன்னைக்கு மட்டும் குடுத்தேன். கணக்காத்தான் குடுத்தேன். அதை அந்தப் புள்ளகிட்ட சொன்னா, “பாதி மாத்திரை யார் சொன்னது?”ங்குது. நான்தான் சொன்னேன், நீ பொறக்கதுக்கு முன்னாடியே நான் தியேட்டர்ல நின்னவன்னேன்.

இதெல்லாம் ஒரு விசயமே இல்ல டாக்டரம்மா, ஆபரேஷன் அன்னைக்கு ஒரு நிஃபெடிபினை நாக்குக்கு அடியில விட்டுட்டு மேசையில ஏத்திருவோம்னும் சொன்னேன். உதவி செய்யத்தானே சொன்னேன்? அது பேனாவைக் கீழ வச்சிட்டு என்னைப் பாக்குது, கோட்டிக்காரனைப் பாக்க மாதிரி. “ஐயா, அந்தப் பழக்கத்தை விட்டு ரொம்ப வருசமாச்சு. பிரஷர் மளமளன்னு விழுந்தா மூளைக்கும் இருதயத்துக்கும் ரத்தம் பத்தாமப் போயிரும். மாசக்கணக்கா ஏறினதை நிமிசத்துல இறக்கக் கூடாது. ஆபரேஷனை மூணு வாரம் தள்ளி வைப்போம். அது வரைக்கும் தினமும் முழு மாத்திரை போடட்டும், பைய இறங்கட்டும். கால் வீங்கினா என்கிட்ட சொல்லுங்க, மாத்திக்கிடலாம். ஆபரேஷன் அன்னைக்குக் காலையிலயும் ரெண்டு மடக்குத் தண்ணியில மாத்திரை போட்டுட்டுத்தான் வரணும்.”

பக்கத்துல நின்ன நர்சு சிரிச்சா அண்ணாச்சி. வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சா. முப்பத்தொரு வருசம். எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சிட்டு.

அதுல பாருங்க, ஆபரேஷன் அன்னைக்குக் காலையில மாத்திரையாம்! வெறும் வயித்துல வரணும்னு ஆபரேஷன் டாக்டர் எழுதியிருக்காரு. இது மாத்திரை போடு, தண்ணி குடிங்குது. குணசிங் டாக்டர் எச்சி முழுங்கினாக்கூட எழுப்பி வீட்டுக்கு அனுப்பிருவாவ. இதுகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டா?

மூணு வாரம் ஆவுடை அவ பாட்டுக்கு மாத்திரை போட்டா. என்கிட்டக் கேக்கல. தலையணைக்கு அடியில அட்டையை வச்சிக்கிட்டு, “அந்தப் பிள்ளை சொன்னபடி போட்டுப் பாப்போமே”ங்கா. அந்தப் பிள்ளையாம். ரெண்டு வார்த்தை சிரிச்சிப் பேசிட்டா இவளுக்குப் பெத்த மகளா ஆயிரும். நான் வீட்டுல பாதரசத்துல பாத்தேன். நூத்தி நாப்பதுக்கு வந்திருந்தது. அது மாத்திரையால இல்ல. நான் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தேன்.

ஆபரேஷன் அன்னைக்குக் காலையில ஆறு மணி. குளிச்சு, தலையைப் பின்னி, கட்டில்ல உக்காந்திருக்கா. ஒரு கையில சின்ன டம்ளர்ல தண்ணி, ஒரு கையில மாத்திரை. எனக்கு வந்துதே கோவம். மாத்திரையைப் பிடுங்கினேன். தண்ணியைக் கொண்டு போயி துளசிச் செடியில ஊத்தினேன். “வெறும் வயிறுன்னா வெறும் வயிறுதான்ட்டி, மேசையில வாந்தி எடுத்துச் சாகப் போறியா?”ன்னேன். “அந்தப் பிள்ளை போடச் சொல்லிச்சே”ன்னா. “அந்தப் பிள்ளையா உன்னைக் கட்டிக்கிட்டு வந்துது?”ன்னேன்.

எட்டு மணிக்கு இங்க வார்டுல படுக்க வச்சாவ. பச்சைத் துணியைக் குடுத்து மாத்தச் சொன்னாவ. நர்சு மிஷினைக் கட்டினா. நூத்தி எண்பத்தி ரெண்டுக்கு நூத்தி நாலு. அந்த நர்சேதான், அன்னைக்குச் சிரிச்சவ. “டாக்டர்கிட்ட சொல்லிட்டு வாரேன்”னு போயிட்டா.

ஆவுடை ரெண்டு கையையும் வயித்து மேல வச்சிக்கிட்டு என்னைப் பாக்கா. “இன்னைக்கும் திருப்பி அனுப்பிருவாவளோ? என்னால இன்னொரு தடவை அந்த வலியைத் தாங்க முடியாது”ங்கா. நாப்பத்தி நாலு வருசத்துல என்கிட்ட முடியாதுன்னு அவ சொன்ன வார்த்தை அது ஒண்ணுதான். அண்ணாச்சி, உள்ளதைச் சொல்லுதேன். அந்தப் புள்ள வரும், மிஷினைப் பாக்கும், என் மூஞ்சியைப் பாக்கும், “ஐயா, மறுபடியும் பாதி மாத்திரையா?”ங்கும். நர்சு சிரிப்பா. நான் இவளைக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறணும்.

என் சட்டைப் பையில எப்பவும் ரெண்டு கேப்சூல் இருக்கும். இப்பமும் இருக்கு, இந்தாங்க பாருங்க. பழகின கை. ஊசி இல்ல. நகையெல்லாம் கழட்டச் சொன்னாவன்னு வளையலையும் அதுல கோத்திருந்த ஊக்குகளையும் கர்ச்சீப்புல முடிஞ்சி என்கிட்டக் குடுத்திருந்தா. அதுல ஒரு ஊக்கை எடுத்தேன். கேப்சூல்ல ஒரு குத்து. “ஏட்டி, நாக்கைத் தூக்கு”ன்னேன்.

வாயை இறுக்கிக்கிட்டு தலையை ஆட்டுதா. “அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு”ன்னு பல்லுக்குள்ளயே சொல்லுதா. தாடையைப் பிடிச்சேன். சும்மா, பைய. “நான் உனக்குக் கெட்டதா செய்வேன்?”ன்னேன். அப்பந்தான் நாக்கைத் தூக்கினா. ரெண்டு சொட்டு, பொறவு ரெண்டு. அஞ்சு நிமிசம் நாடி பிடிச்சேன், எனக்குப் பத்தலன்னு பட்டுது. ரெண்டாவது கேப்சூலையும் குத்தி விட்டேன். முகம் செவந்து வந்துது. அது அப்படித்தான் வரும், மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

அந்தப் புள்ள வந்துச்சு. கட்டிப் பாத்துச்சு. நூத்தி இருபத்தெட்டுக்கு எண்பது! எனக்கு எந்திரிச்சி, “சார், ரெடி!”ன்னு கத்தணும்போல இருந்துது. அது திருப்பித் திருப்பிப் பாக்குது. “இப்பந்தானே நூத்தி எண்பத்தி ரெண்டுன்னாங்க? ஐயா, ஏதாவது குடுத்திங்களா?”ன்னு கேட்டுச்சு.

“ஒண்ணும் குடுக்கலியே”ன்னேன். சொன்னா என்ன செய்யும்? தேதியைத் தள்ளும். அவ வலியில சாவணுமா? “அம்மா, காலையில மாத்திரை போட்டிங்களா?”ன்னு அவகிட்டக் கேட்டுச்சு. ஆவுடை என்னைப் பாத்தா. பாத்துட்டு, “போட்டேம்மா”ன்னா. எனக்காகத்தான் சொன்னா. நல்லவதான் அவ, குத்தம் சொல்ல முடியாது. “வேற ஏதாவது?”ன்னு கேட்டுச்சு. “இல்லம்மா”ன்னா. அந்தப் புள்ள அரை மணி நேரம் வச்சிருந்து மறுபடி பாத்துச்சு. அதே அளவு. “பயத்துல ஏறியிருக்கும் போல”ன்னு சொல்லி உள்ள கூட்டிட்டுப் போச்சி. பாத்தியளா, தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடிச்சி தானே ஒத்துக்கிட்டு. இதுதான் இதுக படிப்பு.

ஒரு மணி நேரம் கழிச்சி வெளிய வந்துச்சு. வேர்த்து விறுவிறுத்து நிக்குது. மயக்க மருந்து குடுத்ததும் பிரஷர் அறுபதுக்கு விழுந்துட்டாம். ஏத்துதோம், ஏத்துதோம், ஏற மாட்டேங்குதாம். ஆபரேஷன் செய்யல, கத்தியே வைக்கல, எழுப்பப் பாக்கோம்னுச்சு. “ஐயா, அவங்க உயிர் விசயம். என்ன குடுத்திங்கன்னு சொன்னா அதுக்குத் தக்கன வைத்தியம் பாக்கலாம். நான் கோவப்பட மாட்டேன், சொல்லுங்க”ன்னு என் கையைப் பிடிச்சிக்கிட்டுக் கேட்டுச்சு.

கையைப் பிடிச்சிக்கிட்டுக் கேட்டா சொல்லிருவேனா? மயக்க மருந்தைக் கூடக் குறையக் குடுத்துட்டு, பழியை யார் தலையில போடலாம்னு தேடுது. எனக்குத் தெரியாதா? தியேட்டர்ல நின்னவன்லா நான்? “ஒண்ணும் குடுக்கல”ன்னுட்டேன். ஒரே சொல்லு. மாத்திச் சொல்லுத ஆளு நான் இல்ல.

அவ முழிச்சப்ப வலது கை வலது கால் விழுந்துட்டு. பேச்சு போயிட்டு. மறுநாள் வார்டைத் தூத்துப் பெருக்குத அம்மா கட்டிலுக்கு அடியில கிடந்த ரெண்டு வெத்துக் கூட்டைக் கொண்டு போயி அந்தப் புள்ளகிட்டக் குடுத்திருக்கு, ஓட்டை போட்ட கேப்சூல் கூடு. அது கொண்டு வந்து என் உள்ளங்கையில வச்சிது. கண்ணு கலங்கியிருந்துது. நடிப்பு! எவனோ போட்டுட்டுப் போன குப்பை அதுன்னேன். திரும்பிப் போயிட்டுது. தப்பு செஞ்சவங்களுக்கு நின்னு பேச வாய் இருக்குமா?

ஏழு மாசமாச்சி. கல்லு அப்படியேதான் உள்ள கிடக்கு. வலி வந்தா இப்பம் துண்டைக் கடிக்கக்கூட வாய் ஒரு பக்கமாத்தான் மூடுது. இனி மறுபடியும் தேதி குடுக்கணும்னா அந்தப் புள்ளதான் கையெழுத்துப் போடணும். தினமும் மாத்திரை விடாமப் போட்டு பிரஷர் ஒரே சீராய் நிக்கணுமாம், அப்பந்தான் போடுமாம். ஒரு நாள் விடக் கூடாதாம். சரி, போட்டுத் தொலைப்போம்.

உங்க சீட்டைக் குடுங்க, என்ன எழுதியிருக்குன்னு பாப்போம். ம். இருக்குல்லா? ‘ஆபரேஷன் அன்று காலை மாத்திரை, ரெண்டு மடக்கு தண்ணியுடன்.’ எல்லாருக்கும் இதே பாட்டுதான். போடாதிய அண்ணாச்சி. நான் சொல்லுதேன். அன்னைக்கு ஏறிடுச்சுன்னா என்கிட்ட ரெண்டு இருக்கு, வச்சிக்கிடுங்க. வேண்டாமா? உள்ள கேக்கணுமா? கேளுங்க, கேளுங்க. உங்க இஷ்டம்.

அந்தா வாரா பாருங்க, சக்கர நாற்காலியில. நீலச் சேலை. இந்தப் பக்கம் பாக்க மாட்டா. இப்பந்தான் அந்த உதவி.

பதினோரு மணி மாத்திரை இது. அம்லோடிபின்தான். விசயம் என்னன்னா, என் கையால குடுத்தா வாங்க மாட்டா. பல்லைக் கிட்டிச்சிக்கிடுவா. மாத்திரைன்னு இல்ல, கஞ்சி, தண்ணி, எதுன்னாலும் அப்படித்தான். கரண்டியைக் கொண்டு போனா வாய் ஆணி அடிச்ச மாதிரி மூடிக்கிடும். முந்தாநாள் தாடையைப் பிடிச்சேன், கண்ணுல தண்ணியா ஓடுது, வாய் திறக்கல. பக்கத்து வீட்டுப் பொண்ணு குடுத்தா வாங்கிக்கிடுவா. போன வாரம் பூ விக்க வந்தவ குடுத்தா, வாங்கிக்கிட்டா. அதுக்கு முந்தின வாரம் உங்களை மாதிரி இங்கன உக்காந்திருந்த ஒருத்தர். முன்னப் பின்ன தெரியாத ஆளு, வாயைத் திறந்து வாங்குதா. கட்டின புருசன்கிட்ட மட்டும் மாட்டாளாம். மூளையில அடிபட்டா இப்படிப் பிடிவாதம் வரும், நான் படிச்சிருக்கேன். இல்லன்னா அந்தப் புள்ள ஏதாவது சொல்லிக் குடுத்திருக்கும்.

இந்தாங்க மாத்திரை. இந்தாங்க தண்ணி. உள்ளங்கையில வச்சி நீட்டுங்க, போதும். இடது கையால அவளே எடுத்துப் போட்டுக்கிடுவா. நாக்கு, வாய்னு ஒரு பேச்சும் பேசிராதிய. நாக்கைத் தூக்குன்னு மட்டும் சொல்லிராதிய.

போங்க. நான் இந்தச் சுவரைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிடுதேன். நான் பாத்தாலும் திறக்க மாட்டா.

என்ன சத்தத்தையே காணோம்.

அண்ணாச்சி, வாங்கிக்கிட்டாளா?